ஒடிய ஹலந்தம்: கோடும் கட்டளையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மெய்யெழுத்தின் தலையில் புள்ளி என்பது நமக்குத் தொல்காப்பியம் சொல்லிவைத்த செய்தி. அதனால் பிற இந்திய எழுத்துகளில் இதே வேலைக்கு உள்ள குறியைப் பார்க்கும்போது, 'அதுவும் ஒரு புள்ளிதான்' என்று கடந்துவிடுகிறோம். இந்த எண்ணம் முழுச் சரியன்று என்பதைக் காட்ட ஒடிய எழுத்தை எடுத்துக்கொண்டேன். எழுத்தின் அடியில் வலப்பக்கமாகச் சாய்ந்து இறங்கும் ஒரு சிறு கோடு. அதற்குப் பெயர் ஹலந்தம். தாளில் அது உயிரொலியை நிறுத்துகிறது. கணினியிலோ அதே குறி, அடுத்த எழுத்தை இதனோடு சேர்த்து வரை என்று கட்டளையும் இடுகிறது. கோட்டுக்கும் கட்டளைக்கும் கணினியில் உள்ள எண் ஒன்றே. இந்த இரட்டை வேலையால் எழும் எழுத்திலக்கணக் கேள்விகளுக்கு இன்று எழுத்துருவும் விசைப்பலகையும் தம் போக்கில் விடை சொல்லிக்கொண்டிருக்கின்றன. விடை சொல்லவேண்டியவர்கள் ஒடிய இலக்கணிகளும் எழுத்தாளர்களும் ஆவர். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சியவை அதற்கான சான்றுகள்.

1. ஒலியில் ஹலந்தம்

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒடியாவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 3.75 கோடிப் பேர். 2014இல் அதற்குச் செம்மொழித் தகுதி கிடைத்தது. அண்டை மொழிகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் ஒலிப்பண்பு ஒன்று உண்டு. இந்தியில் சோற்றை 'பாத்' என்பார்கள். எழுத்தில் இறுதியில் அகரம் இருந்தாலும் வாயில் அது வராது. ஒடியர் 'பாத' என்று இறுதி உயிரையும் ஒலிப்பார்கள். அந்த அகரம் நம் காதுக்கு ஒகரம் போலக் கேட்கும். எழுதியதை எழுதியபடியே ஒலிப்பது அவர்கள் வழக்கம். ஆகவே ஒரு சொல் மெய்யில் முடிகிறது என்றால் அதைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்வது ஹலந்தம்.

பழஞ்சொற்களில் இதற்குத் தேவை குறைவு. திடீரென்று என்னும் பொருளுடைய 'ஹடாத்', மின்சாரத்தைக் குறிக்கும் 'வித்யுத்' போன்ற வடசொற்களின் இறுதியில் வரும். தேவை பெருகும் இடங்கள் மூன்று.

முதலாவது, ஏவல் வினை. ஒடியாவில் முன்னிலைக்கு மூன்று படிகள்: நெருக்கமானவருக்கும் இளையவருக்கும் 'து', இடைப்பட்டவருக்கு 'துமே', மதிப்புக்குரியவருக்கு 'ஆபண'. 'பார்' என்பதை 'து' என்பவனிடம் சொன்னால் 'தேக்'. 'துமே' என்பவரிடம் சொன்னால் 'தேக'. 'உட்கார்' என்பதற்கு 'பஸ்', 'பஸ' என்று இரு வடிவங்கள். எழுத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கோடு மட்டுமே. கோட்டை விட்டுவிட்டால் 'நீ' என்றவர் 'நீர்' என்றதாகிவிடும். கதையில் இரண்டு பேருக்கு இடையிலுள்ள உறவே இந்தக் குறியால் தெரியும் இடங்கள் உண்டு.

இரண்டாவது, மேற்கு ஒடிஷாவின் சம்பல்புரி. அங்கே சொல்லிறுதி அகரம் தேய்ந்துவிடும். கடலோர ஒடியர் 'பாத' என்பதை அவர்கள் 'பாத்' என்பார்கள். 2016இல் பத்மஸ்ரீ பெற்ற கவிஞர் ஹல்தர் நாக் எழுதுவது இந்த மொழியில்தான். சம்பல்புரியை ஒலித்தபடி எழுத முனைவோருக்கு வரிக்கு வரி ஹலந்தம் வேண்டும். அவர்களுக்கு இந்தக் குறி வட்டார அடையாளமும் ஆகிறது.

மூன்றாவது, ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்கள். பஸ், ரேல், இன்டர்நெட், ஃபேஸ்புக் என்று இவை பெரும்பாலும் மெய்யில் முடிபவை. அச்சில் வரும் ஒடியாவில் ஹலந்தத்தைப் பெருக்கியவை இந்தச் சொற்களே. பேருந்தைக் குறிக்கும் 'பஸ்', சற்றுமுன் சொன்ன 'உட்கார்' என்னும் ஏவலோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றுபடுகிறது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

2. மறைந்து வேலை செய்யும் குறி

தமிழில் புள்ளி என்றால் அது தெரியும். 'பக்தி' என்பதில் ககரத்தின் மேல் புள்ளி இருக்கிறது, அடுத்துத் தகரம் வருகிறது, அவ்வளவுதான். க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றைத் தவிர நம்மிடம் கூட்டெழுத்து இன்று வழக்கில் இல்லை. ஓலையில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டாலும், படிப்பவர் அதை மனத்தில் இட்டுப் படித்தார்கள்.

ஒடியாவில் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்கு ஹலந்தம் இடுவதில்லை. இரண்டாவது எழுத்து உருச்சுருங்கி முதலெழுத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அடியில் ஒட்டும் அல்லது பக்கத்தில் தொங்கும் சில வடிவங்களுக்கு 'பளா' என்று பெயர்: ய-பளா, ர-பளா, ப-பளா என்பன. ரகரம் முதலில் வந்தால் அது ரேஃப் என்னும் சிறு குறியாகி அடுத்த எழுத்தின் தலைக்கு ஏறிவிடும். சில கூட்டுகள் உறுப்பெழுத்துகளின் சாயலே இல்லாத புது வடிவம் கொள்ளும். ஒடியச் சிறுவர் சிறுமியர் அரிச்சுவடியில் நெடுநாள் பயில்வது இவற்றைத்தான். ஆக, மெய்ம்மயக்கம் உள்ள இடத்தில் ஹலந்தம் மறைந்துவிடுகிறது. சொல்லிறுதியில்தான் பெரும்பாலும் வெளிப்படுகிறது.

இப்படி மறைவதும் தோன்றுவதும் எழுத்து முறைக்குக் கட்டாயம் என்பதில்லை. அதே ஒடிஷாவின் மயூர்பஞ்ச் பகுதியைச் சேர்ந்த பண்டித ரகுநாத் முர்மு, சந்தாலி மொழிக்காக 1925இல் ஒல் சிக்கி எழுத்தை உருவாக்கினார். அதில் மெய்யெழுத்துக்குள் அகரம் ஒளிந்திருப்பதில்லை. உயிர் வேண்டுமானால் தனியே எழுதவேண்டும். அகரம் இல்லாததால் அதை நிறுத்தும் குறியும் வேண்டியதில்லை. ஒரே மண்ணில் இரண்டு தீர்வுகள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன.

3. எண்ணாக மாறிய கதை

1980களில் இந்திய மொழிகளுக்குக் கணினிப் பொதுக் குறியேற்றம் வகுத்தவர்கள் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். தாளில் தெரியும் வடிவங்களுக்கு எண் தருவதில்லை, அடிப்படை எழுத்துகளுக்கு மட்டும் தருவது என்பது அது. கூட்டெழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் தந்தால் பட்டியல் முடிவில்லாமல் நீளும். மெய், ஹலந்தம், மெய் என்று அடுக்கினால் கூட்டெழுத்தைக் கணினியே வரைந்துகொள்ளும். 1991இல் இது ஐஎஸ் 13194 என்னும் இந்தியத் தரமாக, இஸ்கி என்ற பெயரில் வெளிவந்தது. அதில் ஹலந்தத்தின் எண் 232. தேவநாகரிக்கும் ஒடியாவுக்கும் தமிழுக்கும் அதே 232. கூட்டெழுத்து ஆகாமல் கோடு வெளிப்படையாகத் தெரியவேண்டுமென்றால் 232ஐ இருமுறை இடவேண்டும்.

இந்த அமைப்பைப் பன்னாட்டுக் குறியேற்றமான யூனிகோடு வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்து முறைக்கும் 128 இடங்கள் கொண்ட தனித்தொகுதி ஒதுக்கியது. உள்ளே வரிசை ஏறக்குறைய ஒன்றே. அதனால் தேவநாகரியின் ஹலந்தம் 2381, வங்காளத்தின் ஹசந்தம் 2509, ஒடிய ஹலந்தம் 2893, தமிழ்ப் புள்ளி 3021. ஒடியக் கோட்டோடு 128ஐக் கூட்டினால் நம் புள்ளி வரும். யூனிகோட்டின் பட்டியலில் நான்குக்குமே 'விராமம்' என்றுதான் பெயர். 2011இல் அரசியலமைப்பின் 96ஆம் திருத்தம் மொழியின் பெயரை ஒரியா என்பதிலிருந்து ஒடியா என்று மாற்றிய பிறகும், அந்தப் பட்டியலில் 'ஒரியா' என்றே இருக்கிறது. ஒருமுறை இட்ட எழுத்துப் பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோட்டின் விதி.

இஸ்கியின் இரட்டை ஹலந்தத்தை மட்டும் யூனிகோடு ஏற்கவில்லை. அதற்கு ஈடாக வேறொன்றை வைத்தது: அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பான். எண் 8204. நிரலாளர்கள் அதை 'இசட்-டபிள்யூ-என்-ஜே' என்று எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். ஹலந்தத்துக்குப் பின் இதை இட்டால் அடுத்த மெய் வந்து ஒட்டாது. கோடு வெளியே தெரியும். இதை இடாமல் ஒரு மெய்யைத் தொடர்ந்தால் எழுத்துருவிடம் அந்தக் கூட்டெழுத்து இருக்கும் பட்சத்தில் அது தோன்றும்; இல்லாவிட்டால் கோடு தோன்றும். ஆகவே ஓர் அரிய கூட்டெழுத்து ஒரு கைப்பேசியில் கூட்டாகவும் மற்றொன்றில் கோட்டோடும் தெரியக்கூடும்.

4. பேருந்தில் ஏறிய சிக்கல்

ஒடியாவில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டி வருபவை. 'இல்' என்பதற்கு 'ரே', 'கு' என்பதற்கு 'கு'வே, 'உடைய' என்பதற்கு 'ர'. ஒன்றைக் குறித்துச் சொல்ல 'டி'. 'பஸ்' என்னும் சொல்லோடு 'ரே' சேர்ந்தால் 'பஸ்ரே', பேருந்தில். இதைத் தட்டச்சு செய்பவர் ப, ஸ, ஹலந்தம், ர, ஏகாரக் குறி என்று ஐந்து விசைகளை அழுத்துகிறார். கணினி தன் விதிப்படி ஸகரத்தையும் ரகரத்தையும் இணைத்து ர-பளா வரைகிறது. படிப்பவருக்குத் தெரிவது 'ப' என்னும் ஓரெழுத்தும் 'ஸ்ரே' என்னும் கூட்டெழுத்தும்.  பெயரும் உருபும் பிரிந்து தெரியாது. 'கு' சேர்த்தால் ஸகரத்தின் அடியில் ககரம் ஒட்டும். 'டி' சேர்த்தால் டகரம் ஒட்டும். மெய்யில் முடியும் எந்தக் கடன்சொல்லுக்கும், எந்த உருபைச் சேர்த்தாலும் இதே கதை.

ஒடியர் இதற்கு மூன்று வழிகள் கண்டிருக்கிறார்கள். சிலர் ஹலந்தத்தை விட்டுவிட்டு 'பஸரே' என்று எழுதிவிடுகிறார்கள். பழகிய வாசகர் சரியாகப் படித்துக்கொள்வார். சிலர் பிரிப்பானைத் தேடிப்பிடித்து இடுகிறார்கள். சிலர் கூட்டெழுத்து வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இன்று இணையத்தில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒடிய எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். அதன்படி 'பஸரே' 12 பைட், கூட்டெழுத்து வடிவம் 15, பிரிப்பான் இட்ட வடிவம் 18. மனிதருக்கு ஒரே சொல். பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் நிரலுக்கு மூன்று சொற்கள். யூனிகோட்டின் அகரவரிசை விதி பிரிப்பானைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் எல்லாத் தேடுபொறியும் சொல்திருத்தியும் அந்த விதியைப் பின்பற்றி எழுதப்பட்டவை அல்ல. எழுத்தைப் பேச்சாக்கும் நிரலுக்கு இன்னும் இடர். 'பஸரே' என்பதை அது எழுதியபடி ஒலித்தால் பேருந்து காணாமல் போகும்.

விசைப்பலகையும் இதில் பங்கு கொள்கிறது. அரசுத் தரமான இன்ஸ்கிரிப்ட் பலகையில் ஹலந்தத்துக்கு ஆங்கில 'டி' விசை. இடக்கையின் நடுவிரல் இயல்பாக அமரும் இடம். அவ்வளவு வசதியான இடம் கோட்டுக்கு இருக்க, அந்தக் கோட்டை வெளிக்காட்டும் பிரிப்பானை எத்தனையோ தட்டச்சு முறைகளில் தேடித்தான் எடுக்கவேண்டும். விசை எளிதில் கிடைக்காத எழுத்தை மக்கள் எழுதுவதில்லை. இப்படி ஒரு மொழியின் எழுத்திலக்கணம் விசைகளின் அடுக்கால் தீர்மானமாகிறது.

யூனிகோடு பரவுவதற்கு முந்தைய நூல்களுக்கு வருவோம். ஒடிய அச்சகங்களில் அக்ருதி, ஸ்ரீலிபி போன்ற எழுத்துரு முறைகள் நெடுங்காலம் ஆண்டன. அவை வடிவங்களுக்கு எண் தந்தவை. கூட்டெழுத்து தனி வடிவம், ஹலந்தக் கோடு தனி வடிவம். அங்கே கோடு வெறும் கோடுதான், கட்டளை இல்லை. அந்தக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் நிரல், கோட்டை 2893 என்று மட்டும் மாற்றினால் அது கட்டளையாகிவிடும். அச்சில் பிரிந்து நின்ற 'பஸ்'ஸும் 'ரே'யும் மாற்றத்துக்குப் பின் ஒட்டிக்கொள்ளும். கோட்டுக்குப் பின் மெய் வரும் இடந்தோறும் பிரிப்பானைச் சேர்த்தால்தான் அச்சிட்டவர் கருதியது நிலைக்கும்.

5. பளாவில் ஒளிந்திருக்கும் இரு எழுத்துகள்

ஹலந்தம் மறைவதால் வரும் இன்னொரு சிக்கல், அதற்குப் பின் வந்த எழுத்து எது என்று தெரியாமல் போவது. ஒடியாவில் பகரமும் வகரமும் ஒலியில் ஒன்றாகிவிட்டவை. கடன்சொற்களில் வகர ஒலி காட்ட, ஓகார எழுத்தின் அடியில் ப-பளாவை இட்டதுபோல் ஒரு புது எழுத்து பிறந்தது. 2003இல் யூனிகோடு 4.0 அதற்குத் தனியெண் தந்தது. இப்போது உலகத்தைக் குறிக்கும் 'விஸ்வ' என்னும் சொல்லைப் பகரத்தாலும் எழுதலாம், இந்தப் புது வகரத்தாலும் எழுதலாம். ஹலந்தத்துக்குப் பின் சுருங்கி அடியில் நிற்கும் வடிவம் பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒன்றே. கண்ணுக்கு ஒரே சொல், கோப்பில் இரண்டு. ய-பளாவிலும் இதே தொல்லை: ஜகரம் போல ஒலிக்கும் யகரம் ஒன்று, உண்மையான யகரம் ஒன்று என ஒடியாவில் இரண்டு எழுத்துகள் உண்டு, பளா உருவாக எதைத் தட்டுவது என்பதில் குழப்பம்.

இதன் விளைவை ஓர் அகராதியில் பார்க்கலாம். கோபால் சந்திர பிரஹராஜ் தொகுத்த 'பூர்ணசந்திர ஒடியா பாஷாகோஷ' 1931 முதல் 1940 வரை ஏழு தொகுதிகளாக வந்த பேரகராதி; 1,85,000 அளவில் சொற்கள் கொண்டது. புவனேஸ்வரத்தின் ஸ்ருஜனிகா அமைப்பு அதை எண்ம வடிவுக்குக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட நூலைச் சொல்லிட்டுத் தேடும் வசதி அமையும்போது, தேடுபவர் பகரத்தைத் தட்டினாரா, புது வகரத்தைத் தட்டினாரா என்பதைப் பொறுத்துச் சொல் கிடைப்பதும் கிடைக்காததும் அமையலாமா? அகராதியின் பயனையே இது பாதிக்கும்.

6. திருத்தம் இயலும்

இவை தீராத நோய்கள் அல்ல. வங்காளிகள் சொல்லிறுதித் தகரத்துக்கு வழங்கிய தனி வடிவத்துக்கு 2005இல் தனியெண் பெற்றார்கள். மலையாளிகள் நீண்ட வாதத்துக்குப் பின் 2008இல், உயிரின்றி நிற்கும் மெய்களின் தனி வடிவங்களான சில்லு எழுத்துகளுக்குத் தனியெண் பெற்றார்கள். அங்கெல்லாம் ஹலந்தத்தின் சுமை குறைந்தது. ஒடியாவில் முழுச் சுமையும் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. ஒடிய எழுத்தில் எழுதப்படும் குவி போன்ற மொழிகளுக்காக 2020இல் ஒரு மேற்கோட்டுக் குறி சேர்க்கப்பட்டது. குவி நம் திராவிடக் குடும்பத்து மொழி. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

2023 செப்டம்பரில் வந்த யூனிகோடு 15.1 இன்னொரு குறையைத் தீர்த்தது. 'ஸ்த்ரீ' என்பது ஒடிய வாசகருக்கு ஓரெழுத்து. பழைய விதிப்படி கணினி அதை மூன்றாக எண்ணியது. சுட்டி ஒருமுறை நகர்ந்தால் எழுத்தின் நடுவில் நிற்கும். புதிய விதி தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகிய ஆறிலும் ஹலந்தத்தால் இணைந்த கூட்டை ஓரெழுத்தாக எண்ணுகிறது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. நம் புள்ளி பொதுவாக இணைப்பதில்லை என்பதோடு இது பொருந்துகிறது.

இணைய முகவரிகளில் நிலை வேறு. 2010இல் வந்த பன்மொழி முகவரி விதிகள் இந்திய எழுத்துகளில் ஹலந்தத்துக்குப் பின் மட்டும் பிரிப்பானை அனுமதிக்கின்றன. முகவரியின் கடைசிப் பகுதியான மூல மண்டலத்திலோ அதற்கு அறவே இடமில்லை. ஒடிய எழுத்தில் இந்தியாவுக்குரிய '.பாரத' முகவரிக்கு இது இடராகவில்லை. சொல் உயிரில் முடிவதால் கோடே வேண்டியிருக்கவில்லை.

7. செய்யவேண்டியது

மூன்று முடிவுகளை ஒடிய அறிஞர் உலகம் எடுக்கவேண்டும் என்று கருதுகிறேன். ஒன்று, மெய்யில் முடியும் கடன்சொல்லோடு உருபு சேரும்போது கோடு தெரியவேண்டுமா, சொல்லே அகரம் பெறவேண்டுமா என்பதற்கு ஒரு விதி. எந்த விதியானாலும் சரி. பள்ளி நூலும் செய்தித்தாளும் அரசு ஆணையும் ஒன்றையே பின்பற்றவேண்டும். இரண்டு, ப-பளாவுக்கும் ய-பளாவுக்கும் உள்ளே எந்த எழுத்து இருக்கவேண்டும் என்ற தெளிவு. மூன்று, தேடுபொறியும் சொல்திருத்தியும் மாற்று வடிவங்களை ஒன்றாகக் கொள்ளவேண்டும் என்ற கோரிக்கை, எழுத்து மூலமாக. ஒடிஷா சாகித்ய அகாதமியும், சத்யபாதியில் அமைந்துள்ள ஒடிய விஸ்வவித்யாலயமும், 2002 ஜூனிலிருந்து ஒடிய விக்கிப்பீடியாவை வளர்த்துவரும் தன்னார்வலர்களும் ஒரே மேசையில் அமர்ந்தால் முடியக்கூடிய வேலை இது. விக்கிப்பீடியர்களை விட்டுவிட்டு எடுக்கும் முடிவு ஏட்டளவில் நிற்கும். நாள்தோறும் இந்தக் கோட்டோடு மல்லுக்கட்டுபவர்கள் அவர்கள்தான்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நம் இதழ்களில் 'ரிக்‌ஷா' என்று ககரமும் ஷகரமும் பிரிந்து அச்சாவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடுவில் நிற்பது அதே 8204. பிரிப்பான் இல்லாமல் எழுதினால் 'ரிக்ஷா' என்று கூட்டெழுத்து வரும். இரண்டில் எது சரி என்று நாமும் எங்கும் முடிவாக எழுதிவைக்கவில்லை. நம் கூட்டெழுத்து ஒன்றில் உள்ள இந்தச் சிக்கலை நூற்றுக்கணக்கில் பெருக்கினால் அது ஒடியரின் அன்றாடம்.

இங்குள்ள ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்திய மொழிகளுக்கான கணினித் தரக் குழுக்களில் நாளை நீங்கள் அமர்வீர்கள். 'எல்லா விராமமும் ஒன்றே, எங்கள் புள்ளியைப் போல' என்று அங்கே யாரேனும் சொன்னால், ஒடிய ஹலந்தத்தை எடுத்துக்காட்டி மறுத்துப் பேசுங்கள். எண் ஒத்திருப்பதால் இலக்கணம் ஒத்துவிடாது. ஒரு மொழியில் எது பிழை, எது சரி என்று சொல்லும் உரிமை அதை எழுதுகிறவர்களுக்கே உரியது. அந்த உரிமையை எழுத்துரு நிறுவனத்திடமும் விசைப்பலகையிடமும் கேளாமலே ஒப்படைத்துவிடக் கூடாது.